விதைத்த பின் மாறும் சட்டம்: விவசாய அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ விவசாய, கால்நடை வளங்கள், காணி மற்றும் நீர்ப்பாசன அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் செயலாளருக்கும்,

கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்து நீரில் நெல் செய்யும் கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளராக இதை எழுதுகிறேன். அண்மையில் எங்கள் பகுதிக்கு ஒரு விவரப் படிவம் வந்தது. காணியின் அளவு, விதைக்கும் இனம், பாவிக்கும் பசளை, கிணறு, நீரிறைக்கும் இயந்திரம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசி நிரலில் வீட்டில் எத்தனை மூடை நெல் இருப்பில் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். எங்கள் அங்கத்தவர்களில் பாதிப் பேர்கூட அதை நிரப்பிக் கொடுக்கவில்லை. அதைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் வெளி மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், "உங்களுக்கு அரசாங்கத்தில் நம்பிக்கை இல்லை, அதுதான் இங்கே பிரச்சினை" என்றார். படிவம் தராதவர்களுக்கு அடுத்த போகத்தில் பசளை மானியம் கிடையாது என்றும் அறிவித்துவிட்டுப் போனார்.

நம்பிக்கை இல்லை என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அதை எங்கள் குணத்தில் உள்ள குறைபோலச் சொன்னதையும், மானியத்தை நிறுத்துவேன் என்று மிரட்டி நம்பிக்கையை வரவழைத்துவிடலாம் என்று எண்ணியதையும் நான் ஏற்கமாட்டேன். இந்த அவநம்பிக்கைக்குத் திகதிகள் இருக்கின்றன, வர்த்தமானி அறிவித்தல்கள் இருக்கின்றன, எங்கள் கூட்டக் குறிப்பேட்டில் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

2021 மே 6. அன்று வெளியான அதிவிசேட வர்த்தமானியோடு இரசாயனப் பசளையும் பீடைகொல்லிகளும் இறக்குமதி செய்வது தடைப்பட்டது. 2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து ஆண்டுகளில் எரு, குழை போன்ற சேதனப் பசளைக்கு மாறுவோம் என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளை ஒரே இரவில் முடித்துவைத்தவர்கள், அந்த இரவுக்கு முன்னால் எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழக விவசாயப் பேராசிரியர்கள் விளைச்சல் விழும் என்று எழுத்தில் எச்சரித்தார்கள். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் விவசாயிகளிடம் கருத்துக் கேட்டது. பெரும்பாலானோர் சேதனப் பசளைக்கு மாறும் நோக்கத்தை ஆதரித்தார்கள். மாறுவதற்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. கமக்காரன் முன்னேற்றத்துக்கு எதிரி, யூரியாவுக்கு அடிமை என்று அன்று தொலைக்காட்சிகளில் பேசியவர்கள் அந்த அறிக்கையைப் படித்திருக்க வேண்டும்.

எங்களுக்குச் சேதனப் பசளை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் வரத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் யூரியாவும் இருந்தது. 2002 இல் போர்நிறுத்தம் வரும்வரை ஒரு பை பசளைக்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அந்த ஆண்டுகளில் அறுவடை முடிந்த வயலில் மாட்டுப் பட்டி அடைத்தோம். பூவரசங்குழையும் கிளிசரியாவும் வெட்டி வயலில் தாழ்த்தோம். வேப்பம்பிண்ணாக்கு இடித்துப் போட்டோம். எந்த மண்ணுக்கு எது பிடிக்கும், எவ்வளவு குப்பைக்கு எவ்வளவு நெல் வரும் என்பது எங்கள் வீட்டுக் கிழவிகளுக்கு மனப்பாடம். அதனால்தான் 2021 இல் அந்த அறிவிப்பைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி, "இத்தனை ஏக்கருக்கும் எருவுக்கு மாடு எங்கே?" என்பதுதான். இறுதிப் போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எங்கள் பட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதினேன், மேலே அனுப்பினேன். பதில் வரவில்லை.

பதிலுக்குப் பதிலாக மூடைகளில் கூட்டெரு வந்தது. எங்கள் பொது மண்டபத்தில் இறக்கிய முதல் மூடையைப் பிரித்துச் சாக்கில் கொட்டிப் பார்த்தோம். சொப்பிங் பைத் துண்டுகள், போத்தல் கண்ணாடி, மக்காத தும்பு, அதோடு முளைக்கக் காத்திருந்த புல் விதை. போட்ட வயல்களில் நெல்லுக்கு முன்னால் புல் எழும்பியது. களைகொல்லியும் தடையில் இருந்ததால் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து நின்று கையால் பிடுங்கினார்கள். அந்தக் கூலியை எந்தக் கணக்கிலும் நீங்கள் சேர்த்ததில்லை.

சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலின் கதையை நாடே அறியும். எங்கள் நாட்டின் தாவரத் தொற்றுத் தடைகாப்பு அதிகாரிகள் மாதிரியைச் சோதித்து, பயிருக்குத் தீங்கு செய்யும் நுண்ணுயிர் இருக்கிறது என்றார்கள். கப்பல் இறக்கப்படவில்லை. ஆனாலும் பிணக்கு முற்றிக் கடைசியில் மக்கள் வங்கி ஊடாக அறுபது இலட்சம் டொலருக்கு மேல் செலுத்தப்பட்டது. ஒரு கைப்பிடி பசளைகூட எங்கள் வயலுக்கு வராத கொடுக்கல் வாங்கல் அது. ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் நனோ நைதரசன் திரவம் வந்தது. அதை எந்தப் பருவத்தில், எத்தனை லீற்றர் தண்ணீரில் கலந்து அடிப்பது என்று கேட்டால், எங்கள் விவசாயப் போதனாசிரியருக்கே சுற்றறிக்கை வந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். மழைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து, தெரியாததைத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னது அவர் ஒருவர்தான்.

அந்த மாரிகாலப் பெரும்போகத்தில் நாங்கள் புழுதி விதைப்பாக, மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் விதைத்திருந்தோம். மழை நன்றாகத்தான் பெய்தது. விதைக்கும்போது போடும் அடிக்கட்டுப் பசளையும் இல்லை, பயிர் வளரும்போது போடும் மேற்கட்டுப் பசளையும் இல்லை. கார்த்திகை பிறந்தபோது பயிர் மட்டம் வெடிக்காமல், பக்கக் கிளை விடாமல் ஒற்றைத் தாளாக நின்றது, இலை நுனியிலிருந்து மஞ்சள் இறங்கியது. பிறகு மடிச்சுக்கட்டிப் பூச்சி விழுந்தது, சில இடங்களில் கபிலநிறத் தத்திப் பூச்சி. நவம்பர் 24 இல் தடையை விலக்குவதாக அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தது, பசளை வரவில்லை. தனியார் இறக்குமதி செய்யலாம் என்றார்கள், மானியம் இல்லை என்றார்கள். பின்னர் 50 கிலோ யூரியா ஒரு மூடை நாற்பதாயிரம் ரூபாய் வரை கறுப்புச் சந்தையில் போனது.

மாசியில் வெட்டு மெசின் இறங்கியபோது, ஏக்கருக்கு 25 மூடை கண்ட என் வயலில் எட்டு மூடை வந்தது. மெசினின் பின்புறத்தால் பறந்தது பெரும்பாலும் பதர். மெசின் கூலி மட்டும் குறையவில்லை. பக்கத்து வயல்காரர் தன் வயலில் மெசினை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூலிக்கும் காணாது என்பதால் மாட்டை அவிழ்த்து விட்டார்.

இது எங்கள் ஊரின் கதை மட்டுமல்ல என்பதை உங்கள் அரசாங்கத்தின் புள்ளிவிவரமே சொல்கிறது. 2020/21 பெரும்போகத்தில் 30 இலட்சம் மெற்றிக் தொன்னைத் தாண்டிய நாட்டின் நெல் உற்பத்தி, 2021/22 பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே விழுந்தது. பசளைக்கு டொலர் இல்லை என்று சொன்ன நாடு அரிசிக்கு டொலர் தேடியது. 2022 சிறுபோகத்தில் இந்தியக் கடனுதவியில் வந்த யூரியா நாட்டை வந்தடைந்தது ஜூலையில். சித்திரை, வைகாசியில் விதைத்த பயிர் அப்போது கதிர் கருக்கொள்ளும் குடலைப் பருவத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதே மாதம் அன்றைய ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார்.

2022 ஜனவரியில் பாதிக்கப்பட்ட நெல் விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் ரூபாய் நட்டஈடு என்று அறிவித்தார்கள். எங்கள் அமைப்பில் அதற்கென விண்ணப்பம் எழுதியது நான். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகப் பிரதி எல்லாம் இணைத்துக் கொடுத்தோம். எங்கள் அங்கத்தவர் ஒருவருக்கும் நட்டஈடு என்ற பெயரில் ஒரு சதம் கிடைக்கவில்லை. யாருக்குப் போனது, எவ்வளவு போனது, போகவே இல்லையா என்பதைக் கேட்டு எழுதிய கடிதங்களின் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. அந்தப் போகத்துக்கு அடகு வைத்த நகையை இன்றும் மீட்காத வீடுகள் இங்கே இருக்கின்றன.

இவை நாங்கள் பதவிக்கு வருவதற்கு முன் நடந்தவை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 2015 இல் கிளைபொசேற் களைகொல்லியைத் தடைசெய்தது வேறோர் அரசாங்கம், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டதும் அதே அரசாங்கம், 2022 இல் தடையை முழுதாக நீக்கியது இன்னோர் அரசாங்கம். தடைக்குச் சிறுநீரக நோயைக் காரணம் காட்டினார்கள். தடை நீங்கியபோது அந்தக் காரணம் என்னவாயிற்று என்று எவரும் விளக்கவில்லை. அந்த மருந்து தீங்கா இல்லையா என்பதை முடிவுசெய்ய எனக்குக் கல்வி போதாது. தீங்கென்றால் ஏன் திறந்தீர்கள், தீங்கில்லையென்றால் ஏன் பூட்டினீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஆட்சி மாறும்போதெல்லாம் விவசாய விஞ்ஞானமும் மாறினால், அடுத்த முறை நீங்கள் நல்லதைச் சொன்னாலும் அது எங்கள் காதில் ஏறாது.

உங்கள் காலத்துக்கும் வருகிறேன். 2025 பெப்ரவரி 5 இல் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தீர்கள். நாட்டரிசி நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132. விலை போதுமா என்ற வாதத்தை இங்கே எடுக்கவில்லை. அறிவிப்பு வந்த நேரத்தைச் சொல்கிறேன். கிழக்கில் தையிலேயே அறுவடை தொடங்கிவிட்டது. இங்கும் முந்தி விதைத்தவர்கள் வெட்டிவிட்டார்கள். ஈர நெல்லை வைத்திருக்க இடமில்லாதவர், கடனுக்கு ஆள் வாசலில் நிற்பவர், கூலி கொடுக்க வேண்டியவர் எல்லோரும் வியாபாரி சொன்ன விலைக்கு வயல் வரம்பிலேயே நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். உத்தரவாத விலை யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் கையில் அன்று நெல் இல்லை. மிஞ்சியவர்கள் அரசாங்க நெல் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். உலர்த்த எங்களுக்கு இருப்பது வீதியோரம். பனிக்காலத்தில் வீதியோரத்தில் பரப்பி, வாகனம் ஏறாமல் பிள்ளைகளைக் காவல் வைத்து, மாலையில் கூட்டி அள்ளி, இரவு மூடிவைத்து, மறுநாள் மீண்டும் பரப்புகிறோம். களஞ்சிய வாசலில் ஈரமானி காட்டிய எண்ணை எங்களுக்குக் காட்டாமலே திருப்பியனுப்பினார்கள்.

2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் பயிரை அழிக்கும் விலங்குகளை எண்ணச் சொன்னீர்கள். நாங்கள் எண்ணினோம். குரங்கும் மயிலும் எத்தனை என்று படிவத்தில் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தோம். நம்பிக்கை இல்லாதவர்கள் அதைச் செய்திருக்கமாட்டார்கள் என்பதை அந்த அதிகாரியிடம் தயவுசெய்து சொல்லுங்கள். எண்ணிய பிறகு எங்கள் பகுதிக்கு என்ன முடிவெடுத்தீர்கள் என்பதற்கு ஒரு வரிக் கடிதம்கூட எங்கள் அமைப்புக்கு வரவில்லை.

இப்போது வீட்டு நெல் இருப்பைக் கேட்ட விவரப் படிவத்தின் கடைசி நிரலுக்கு வருகிறேன். 2021 ஓகஸ்ட் 30 இல் அத்தியாவசிய உணவுக்கென அவசரகால ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்து, இராணுவ அதிகாரி ஒருவரை ஆணையாளராக நியமித்து, இருப்பில் உள்ள நெல், அரிசி, சீனியைப் பொறுப்பேற்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தார்கள். பதுக்கல்காரர்களுக்கு எதிராகத்தான் அது என்றார்கள். இருக்கட்டும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அதற்கும் முந்திய ஞாபகங்கள் இருக்கின்றன. 2008 இல் போர் நெருங்கியபோது வீடுகளில் அடுக்கிய நெல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடியவர்கள் நாங்கள். வீட்டில் உள்ள பத்து மூடை நெல் என்பது பிள்ளையின் படிப்புச் செலவு, அடுத்த போகத்தின் விதை, திடீரென்று ஒருவர் ஆசுபத்திரியில் விழுந்தால் அன்றிரவு விற்கும் காசு. அதை எதற்கு எண்ணுகிறீர்கள், யார் பார்ப்பார்கள், என்ன செய்வார்கள் என்று ஒரு வரியும் சொல்லாமல் கேட்டால் எந்தத் தாய் எழுதிக் கொடுப்பாள்?

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை உங்கள் முன் அழுத்தமாக வைக்க விரும்புகிறேன். ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் செய்வது, எந்த நாளில் வாய்க்காலைத் திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, எந்த வயது இனத்தை விதைப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது எல்லாம் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. ஆகவே பங்கிட்டுக்கொள்கிறோம். தன் வயல் காய்ந்து கிடக்க அடுத்தவன் வயலுக்கு வாய்க்கால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கிறார்கள் எங்கள் அங்கத்தவர்கள். ஏனென்றால் அந்தத் தீர்மானம் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் எடுக்கப்பட்டது. நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி அது எங்களைக் கட்டுப்படுத்தும். மீறினால் வழக்கு, தண்டம்.

அந்த மேசையின் அடுத்த பக்கத்தில் இருப்பது அரசாங்கம். அதைக் கட்டுப்படுத்துவது எது? கூட்டத்தில் மானியம் உண்டு என்று அதிகாரி சொல்வார், குறிப்பேட்டில் எழுதுவோம், பயிர் பூக்கும்போது பணம் வரும். ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் என்பது நல்ல உதவிதான். அடிக்கட்டுப் பசளை போட வேண்டிய நாளில் அது கையில் இருந்தால். நாங்கள் ஒரு நாள் பிந்தினால் தண்டம், நீங்கள் ஒரு மாதம் பிந்தினால் அறிக்கை. எங்கள் நம்பிக்கை அந்த இடத்தில்தான் உடைந்தது, அங்கேதான் அதைத் திருத்தவும் வேண்டும்.

ஆகவே எங்கள் அமைப்பின் கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேற்றிய கோரிக்கைகளை உங்களிடம் கேட்கிறோம்.

பயிர்ச்செய்கைக் கூட்டத் தீர்மானம் அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும்படி சட்டத்தைத் திருத்துங்கள். அந்தப் போகத்துக்கான மானியத் தொகை, அது வங்கிக்கு வரும் திகதி, நெல்லின் உத்தரவாத விலை, களஞ்சியம் திறக்கும் நாள் ஆகியவை விதைப்புக்கு முன்னரே அதே கூட்டத்தில் எழுத்தில் வைக்கப்பட வேண்டும். பிந்தினால் எங்களுக்கு இருப்பதுபோல உங்களுக்கும் ஒரு தண்டம் இருக்க வேண்டும். கடனுக்குக் கட்டும் வட்டியையாவது அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும்.

பசளை, விதை, பீடைகொல்லி எதையும் தடைசெய்யும் அல்லது புதிதாக அனுமதிக்கும் வர்த்தமானி, விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் நடைமுறைக்கு வரக் கூடாது. மக்களின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அது வேறு, அதற்கான சான்றை அன்றே வெளியிடுங்கள். மற்ற எந்த மாற்றத்துக்கும் முன்னால் விவசாயத் திணைக்களம் எங்கள் மாவட்டம் உட்பட ஒவ்வொரு காலநிலை வலயத்திலும் குறைந்தது இரண்டு போகம் பரீட்சித்து, விளைச்சல் கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் வெளியிட வேண்டும். உண்மையைச் சொன்ன விஞ்ஞானிகளை எந்த அமைச்சரும் குழுக்களிலிருந்து தூக்க முடியாதபடி ஒழுங்கு செய்யுங்கள்.

2021/22 பெரும்போக நட்டஈட்டின் கணக்கைக் கமநல சேவை நிலையப் பிரிவு வாரியாக வெளியிடுங்கள். பசளையைத் தடைசெய்யும் முடிவை எடுக்க ஆலோசனை சொன்னவர்கள் யார், எந்தச் சான்றின் பேரில் சொன்னார்கள் என்பதைப் பாராளுமன்றத்தில் வையுங்கள். நட்டஈடு கிடைக்காதவர்களுக்கு இப்போதாவது கொடுங்கள்.

எங்கள் பகுதிக் களஞ்சியங்களுக்கு அறுவடைக்கு முன்னர் நெல் உலர்த்தும் இயந்திரம் தாருங்கள். ஈரமானியின் எண்ணைக் கமக்காரருக்குக் காட்டி, பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்கும்படி பணிப்புரை விடுங்கள்.

விவரப் படிவத்தை நாங்கள் மறுக்கவில்லை. காணி, நீர், இனம், பசளை ஆகியவற்றின் விவரத்தை எங்கள் அமைப்பே திரட்டித் தரும். வீட்டு நெல் இருப்பைக் கேட்கும் நிரலை மட்டும் நீக்குங்கள், அல்லது அந்தத் தகவலை எதற்குப் பயன்படுத்துவீர்கள், எதற்குப் பயன்படுத்தமாட்டீர்கள் என்பதை உங்கள் கையெழுத்தோடு தமிழில் அனுப்புங்கள். படிவம் தராதவருக்கு மானியம் இல்லை என்ற வாய்மொழி அறிவிப்பை எழுத்தில் வாபஸ் பெறுங்கள்.

அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்னர் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். வந்தால் கூட்டத்தில் முழுதாக வாசித்துக் குறிப்பேட்டில் சேர்ப்பேன். வராவிட்டால், மேலே உள்ள கோரிக்கைகளுக்குப் பதில் கிடைக்கும்வரை படிவத்தை நிரப்புவதில்லை என்று எங்கள் அங்கத்தவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர், கமக்காரர் அமைப்பு,
கிளிநொச்சி மாவட்டம்